ஆறு பிடி, ஐம்பத்தெட்டு கெஜம்

வெல்னா ஊரைச் சுற்றி நாற்பது மைல் தூரத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும்தான். அந்தக் காடுகளுக்குள் ஆர்டித் ஸ்லாமா நுழையாத வரப்பு கிடையாது. பயிர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விளைச்சல் மதிப்பிடுகிற வேலை அவளுக்கு. ஆலங்கட்டி மழை அடித்தால், வெயில் காய்ச்சினால், காற்று சாய்த்துப் போட்டால், ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் வந்து இறங்குவாள். பதினேழரை அடி நீளத்துக்குக் கயிறு பிடித்து, அதற்குள் நிற்கிற கதிர்களை எண்ணி, நாலைந்தை உரித்து மணி வரிசையை விரலால் தடவிப் பார்த்து, ஒரு எண்ணைச் சொல்லுவாள். அக்டோபரில் அறுத்து எடை போட்டால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். இருபத்தாறு வருடமாக இப்படி.

வயலோரத்தில் நின்று அவள் எதையும் சொன்னதில்லை. "ஓரத்துல இருக்கற கதிரு பாக்கறவங்களுக்காகவே வளருது. அம்பது அடி உள்ள போனாத்தான் உண்மை நிக்கும்" என்பாள். போவாள். வெளியே வரும்போது முகமெல்லாம் இலைக் கீறலும் மகரந்தமுமாக இருக்கும். ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும், சந்தைக்குப் போய்த் திரும்பிய சின்னப் பெண் மாதிரி.

அந்தக் கண்ணை அவள் ஃபுட்பால் பக்கம், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் பக்கம், திருப்பியது தற்செயலாக நடந்தது. ஊருக்குப் பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு சிறிய கல்லூரி. அதன் அணிக்கு நாரைகள் என்று பெயர். கூட்டுறவு தானியக் கிடங்கின் காப்பி மேசையில் ஒரு நீல நோட்டு கிடக்கும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாவது திங்கட்கிழமை காலையில் ஊர்க்காரர்கள் அதில் எழுதுவார்கள். எந்த ஆட்டக்காரன் இந்த சீசனில் எத்தனை முறை பந்தைப் பிடிப்பான், பந்தோடு எத்தனை கெஜம் ஓடுவான் என்று பத்துப் பேருக்கு எழுத வேண்டும். அதிகம் பேருக்குக் கிட்டத்தில் சொன்னவர் பெயரை ஒரு வருடத்துக்குக் கிடங்கின் கதவில் சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். அவ்வளவுதான் பரிசு. ஆனால் அதற்காகப் பேச்சு வார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு.

ஆர்டித் ஒரு வருடம் விளையாட்டாக எழுதினாள், கதவில் பெயர் ஏறியது. அடுத்த ஆறு வருடத்தில் நாலு வருடம் அவள் பெயர்தான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நார்பர்ட் குக்டா கம்ப்யூட்டரில் ஏழு வருடப் புள்ளிவிவரத்தை ஏற்றி, தசமப் புள்ளி வைத்து எழுதுவார். அவருக்கு இது நெஞ்சில் முள்.

"எந்த ஃபார்முலா போடறே ஆர்டித்? எங்கிட்டயாவது சொல்லு. உனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுத்தவன் நான்."

"ஃபார்முலா இல்ல சார். போய்ப் பாக்கறேன்."

"நானுந்தான் பாக்கறேன்."

"நீங்க மேட்சப் பாக்கறீங்க சார். அது வயலோரம்."

உண்மையில் அவள் போவது ஆகஸ்ட் மாத வார நாட்களில். யாரும் எட்டிப் பார்க்காத காலைப் பயிற்சிக்கு. கம்பி வேலிக்கு வெளியே தன் டிரக்கை நிறுத்தி, பின்பக்கத் தட்டில் உட்கார்ந்து, கசகசா வைத்த கொலாச் ரொட்டி ஒன்றைப் பிய்த்துத் தின்றபடி பார்ப்பாள். யார் தண்ணீர் குடிக்க முதலில் ஓடுகிறான், யாருக்கு இடது முழங்காலில் கட்டு மாறியிருக்கிறது, கோச் யாரைத் திட்டுகிறார், யாரைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். எல்லாம் பார்ப்பாள்.

இந்தக் கதை நடந்த வருடம் அந்த அணியில் அவளுடைய சொந்தத் தம்பி மகன் இருந்தான். மைலோ வோசிகா, எண்பத்துநாலாம் எண். கடைசி வருடப் படிப்பு. அவன் அப்பா லாடி வோசிகா அதே கல்லூரிக்கு அந்தக் காலத்தில் ஆடியவன். ஒரே சீசனில் நாற்பத்தொரு முறை பந்தைப் பிடித்தவன். கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் அவன் படம் இன்றும் தொங்குகிறது, தலை நிறைய முடியோடு. இப்போது முடி இல்லை. ஆனால் நாற்பத்தொன்று அப்படியே இருக்கிறது. அதை மகன் தாண்ட வேண்டும் என்பதுதான் லாடியின் ஒரே ஆசை. போன வருடம் மைலோ பதினேழு பிடித்திருந்தான். இந்த வருடம் பார் என்று லாடி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

ஆர்டித் நாலு நாள் காலையில் போய்ப் பார்த்தாள். முதல் நாளே அவளுக்கு ஏதோ உறுத்தியது. மைலோ இருபது பவுண்டு ஏறியிருந்தான். பந்து பிடிப்பவர்கள் போடும் கையுறை அவன் கையில் இல்லை, பத்து விரலிலும் வெள்ளை நாடாதான் சுற்றியிருந்தான். புதிதாக வந்த கோச் அவனைப் பந்து பிடிப்பவர்களோடு ஓட விடவில்லை. முன்வரிசையில் எதிராளியை முட்டித் தள்ளும் தடியன்களோடு நிறுத்தியிருந்தார்.

இரண்டாம் நாள் இன்னொன்று கண்ணில் பட்டது. டவாரிஸ் பீல் என்று மெம்ஃபிஸிலிருந்து வந்த ஒரு பையன், குள்ளம், பேசவே மாட்டான். போன வருடம் பந்தை வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பாய்வான், கூட்டத்தில் முட்டி விழுவான். மொத்தம் நானூறு கெஜம்தான். இப்போது அவன் பந்தை வாங்கி மைலோவின் முதுகில் ஒரு கையை வைக்கிறான். அரை நொடி காத்திருக்கிறான். மைலோ முன்னால் இருப்பவனைப் பெயர்த்து எடுத்ததும் அந்தச் சந்தில் நுழைந்து காணாமல் போகிறான்.

ஆர்டித் ரொட்டியைத் தின்ன மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்ததும் மைலோ வேலிக்கு வந்தான். ஹெல்மெட்டில் புல் ஒட்டியிருந்தது.

"அத்தை, பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"எத்தன பிடின்னு எழுதப் போறீங்க?"

"நீ என்னடா நெனைக்கறே?"

அவன் சிரித்தான். "ஒரு கை விரலே போதும் அத்தை. எனக்கு இது பிடிச்சிருக்கு, சத்தியமா. ஒருத்தன அப்படியே பின்னால தள்ளிட்டுப் போறப்ப, டவாரிஸ் பக்கத்துல காத்து மாதிரி போவான் பாருங்க... பந்து பிடிச்சப்பக்கூட எனக்கு அப்படி இருந்ததில்ல. ஆனா அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்றேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"சொல்ல மாட்டேன். நீ சீக்கிரம் சொல்லிடு."

அவன் சொல்லவில்லை. மூன்றாவது திங்கட்கிழமை வந்துவிட்டது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் கணவன் ஆல்வின் அக்கார்டியனைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஃபுட்பால் என்றால் அவனுக்குக் கொட்டாவி. அவனுக்கு போல்கா நடனமும் அதற்கு வாசிப்பதும் போதும்.

"ஒரு இருபதுன்னு எழுதிட்டுப் போயேம்மா. உன் தம்பி மனசு குளுந்துட்டுப் போவுது" என்றான்.

"கண்ணால பாத்தத மாத்தி எழுதச் சொல்றியா? இன்னிக்கு நோட்டுல மாத்தினா நாளைக்கு ஒருத்தன் வயல்ல மாத்துவேன்."

"அப்ப எழுதாம இரு."

"எழுதாம இருந்தா அதுக்கும் அவன் காரணம் கேப்பான்."

திங்கட்கிழமை காலை காப்பி மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். லாடி பெரிய எழுத்தில் எழுதினான்: மைலோ, நாற்பத்திரண்டு பிடி. வாத்தியார் இருபத்தொன்று புள்ளி நாலு என்று எழுதினார். நோட்டு ஆர்டித்திடம் வந்தது. அவள் நின்றபடியே எழுதி மூடினாள். கிடங்கு நடத்தும் வில்மா நோட்டை எடுத்து உரக்கப் படிப்பது வழக்கம். படித்தாள்.

"ஆர்டித் அக்கா. டவாரிஸ் பீல், ஆயிரத்து முந்நூத்து நாப்பது கெஜம்..."

சிரிப்பில் மேசை அதிர்ந்தது. "அந்தக் குள்ளனா? போன வருஷத்தப் போல மூணு மடங்கா?" வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கம்ப்யூட்டர் அறுநூற்று நாற்பது சொல்லியிருந்தது.

"மைலோ வோசிகா..." வில்மா நிறுத்தினாள். லாடியைப் பார்த்தாள். "ஆறு பிடி. அம்பத்தெட்டு கெஜம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா, பதினாறுன்னு எழுத வந்தியா?" என்று லாடி கேட்டான்.

"ஆறு."

"எம் புள்ளைக்குக் கையி ஒடிஞ்சிருக்கா?"

"நல்லா இருக்கான்."

"அப்புறம் ஏன்?"

சீசன் முடியும்வரை யாரும் காரணம் சொல்லக்கூடாது என்பது நோட்டின் விதி. ஆர்டித் அதைத்தான் சொன்னாள். லாடி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று சாயங்காலம் அவன் மனைவி ரோசலின் ஆர்டித் வீட்டு வாசலில் ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். போன வாரம் ஆர்டித் ரொட்டி நிறைத்துக் கொடுத்த டப்பா. கழுவி, துடைத்து, வெறுமையாக. அந்தப் பக்கத்தில் டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தந்தால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் டவாரிஸ் நூற்று நாற்பத்தெட்டு கெஜம் ஓடினான். மைலோவுக்கு ஒரு பந்துகூட வரவில்லை. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதிலும் நான்காவதிலும் பூஜ்யம். லாடி கோச்சைத் திட்டினான், பந்து எறிகிறவனைத் திட்டினான், புல்லைத் திட்டினான். ஐந்தாவது ஆட்டத்தில் இன்னொரு பிடி. மொத்தம் இரண்டு. ஆறாவது ஆட்டத்துக்கு நான் வரவில்லை, சோயா அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். மகனிடம் போனில் பேசுவதும் குறைந்தது. மைலோ இன்னும் வாய் திறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் லாடியின் அறுவடை மெஷின் சோயாக் காட்டில் தூசு கிளப்பிக்கொண்டு வந்தபோது, எதிரே பூட்ஸ் போட்ட ஒரு உருவம் நடுவில் நின்றது. நிறுத்தினான். ஆர்டித் ஏணியில் ஏறி உள்ளே வந்து, பக்கத்திலிருந்த சின்ன இருக்கையில் உட்கார்ந்தாள். லாடி இரண்டு சால் ஓட்டினான், அவள் தொட்டியில் விழுகிற மணியைப் பார்த்தாள்.

"ஏக்கருக்கு அம்பத்தஞ்சு வரும்" என்றாள்.

"அம்பத்தாறு."

"சரி, அம்பத்தாறு. சனிக்கிழமை வர்றே."

"வரல."

"காரணம் கேக்காதே, நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஆட்டம். நான் சொல்ற எடத்துல உக்காரு. எம்பத்துநாலாம் நம்பர மட்டும் பாரு. பந்தப் பாக்காதே."

"பந்தப் பாக்காம எதுக்கு அக்கா ஃபுட்பால் பாக்கறது?"

"உனக்கு அறுவது வயசாச்சு லாடி. ஒரு தடவையாவது பெரியவ சொன்னதக் கேளு."

லாடிக்கு ஐம்பத்தாறுதான். ஆனால் வந்தான்.

வோசிகா குடும்பம் எப்போதும் நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில் உட்காரும். நல்ல இடம் அது. ஆர்டித் அவர்களைக் கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயில் முகத்தில் அடிக்கிற மரப்பலகைக்கு இழுத்துப் போனாள். ரோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையை விரித்தாள். ஆல்வின் பேப்பரை விரித்தான்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டு கும்பல் மோதி விழுவதுதான் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் கும்பலில் கதவு திறப்பது தெரியும். லாடி கையைக் கட்டிக்கொண்டு மகனை மட்டும் பார்த்தான். முதல் மோதலிலேயே மைலோ குனிந்து, எதிராளியின் மார்புக்கடியில் தோளைக் கொடுத்து, அவனை அப்படியே பக்கத்தில் நகர்த்தி வைத்தான், அலமாரியை நகர்த்துகிற மாதிரி. அந்தச் சந்து வழியாக டவாரிஸ் பறந்தான். மைதானம் கத்தியது. லாடி மட்டும் கத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது முறை மைலோ ஒருவனை மல்லாக்கத் தள்ளி, எழுந்து ஓடி, இன்னொருவனையும் விழுத்தினான்.

"ரெண்டு பேரு" என்றான் லாடி மெதுவாக. யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான். ஊர் முழுக்க டவாரிஸைப் பார்த்துக் கத்தி முடித்து உட்கார்ந்த பிறகு இவன் கத்துவான். "அக்கா, பாத்தியா! அவன் முதுக மண்ணுல வச்சுத் தேச்சுட்டான்! ரோசலின், பாத்தியாடி!" முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பந்து அங்கே இல்லை, ஆட்டம் நின்றுவிட்டது, இந்த மனிதர் எதற்குக் குதிக்கிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

ஆல்வின்கூடப் பேப்பரை மடித்து வைத்தான். "என்ன நடக்குதுன்னு எனக்கே புரியுதே" என்றான் ஆச்சரியத்தோடு.

இடைவேளையில் லாடி உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், வெயில் என்று சொல்லி.

"அதனாலதான் அந்தப் பையனுக்கு ஆயிரத்து முந்நூறு போட்டியா?"

ஆர்டித் விதியை மீறவில்லை. ரொட்டியை மென்றாள்.

"அந்தக் கெஜத்துல பாதி எம் புள்ளையோடது."

"பாதிக்கு மேல" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

ரோசலின் தன் பையிலிருந்து சூடான சில்லி குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேலே பட்டை போட்ட இனிப்பு ரொட்டியை வைத்து நீட்டினாள். "ஆறிடும், சாப்பிடுங்க அண்ணி" என்றாள். ஆர்டித் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் வேலியோரம் வந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் மைலோவின் முகம் சுருங்கியது. ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தான்.

"அப்பா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எத்தன பேரடா சாச்சே இன்னிக்கு?"

"எண்ணலப்பா."

"நான் எண்ணினேன். பதினேழு." லாடி வேலிக்கு மேலே எக்கி மகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "நாப்பத்தொண்ணு நான் பிடிச்சதுதான். ஆனா ஒருத்தனக்கூட நான் இப்படித் தள்ளினதில்லடா. பயம் எனக்கு, தெரியுமா? அப்பல்லாம் முட்டற ஆளக் கண்டா ஒதுங்கி ஓடுவேன்."

மைலோ வாயைப் பிளந்து பார்த்தான். இதை அவன் அப்பா அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆர்டித்துக்குத் தெரியும். அவள் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நவம்பரில் கடைசி ஆட்டம். அதற்கு முன்பே டவாரிஸ் ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டான். மைலோ அதுவரை சரியாக ஆறு பிடித்திருந்தான். கெஜம் ஐம்பத்தெட்டு! இந்த ஆட்டத்தில் இன்னொன்று பிடிக்காமல் இருந்தால் போதும். ஒரு ஆளுக்கு எழுதிய இரண்டு எண்ணும் அச்சாகப் பலித்தது அந்த நோட்டின் சரித்திரத்திலேயே கிடையாது. வில்மா அதற்கென்று சிவப்பு சாக்கட்டி வாங்கி வைத்திருந்தாள். வாத்தியார் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மட்டுமில்லை, வெல்னா பாதி அங்கேதான் இருந்தது.

ஆட்டம் தொடங்குமுன் ஊதாக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் படியேறி வந்து, "இதுல மைலோவோட அம்மா யாருங்க?" என்று கேட்டாள். டவாரிஸின் அம்மா, ஒர்னெட்டா பீல். மெம்ஃபிஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள். ரோசலின் எழுந்தாள்.

"எம் மகன் வாயத் தொறக்க மாட்டான், தெரியுமில்ல உங்களுக்கு? ஆனா ஞாயித்துக்கிழம போன் பண்ணா மைலோ, மைலோ, மைலோதான். என்ன சாப்பிடறான்னுகூட எனக்குத் தெரியும். உங்க புள்ளைக்கு முட்டைகோஸ் பிடிக்காது."

"அய்யோ, வீட்ல தட்டு தட்டா சாப்பிடறானே!"

"உங்களுக்குப் பயந்துட்டுத்தான்."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் போர்வை கீழே விழுந்தது.

கடைசிக் கால்பகுதியில், இரு அணியும் சமமாக நின்றபோது, பந்து வழக்கம்போல டவாரிஸ் பக்கம் போவதாகத் தெரிந்தது. எதிரணி மொத்தமும் அவன் மேல் பாய்ந்தது. ஆனால் அவன் கையில் பந்தில்லை. மைலோ முட்டுவதுபோல் குனிந்தவன், நழுவி, தனியாக ஓடினான். எறிந்தவன் அவனுக்குத்தான் எறிந்தான். நாடா சுற்றிய விரல்களில் பந்து விழுந்தது, ஒரு தடவை துள்ளியது, பிறகு நின்றது. ஒரே ஒருவன் அவனைத் துரத்தி வந்தான். டவாரிஸைவிட ஒரு அடி உயரமானவன். அந்த டவாரிஸ் எங்கிருந்தோ குறுக்கே வந்து, குனிந்து, தோளைக் கொடுத்து, அவனை மல்லாக்கச் சாய்த்தான்.

"ஓடுடா! ஓடுடா தங்கம்!" என்று அலறியது ஆர்டித்தான். பூட்ஸ் காலோடு பலகை மேல் ஏறி நின்றிருந்தாள். ஏழாவது பிடி, நாற்பத்தொரு கெஜம், கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன்.

"உன் கணக்கு போச்சே ஆர்டித்!" என்று வாத்தியார் அவள் காதில் கத்தினார்.

"போகட்டும் சார்! நாசமாப் போகட்டும்!" அவள் வாத்தியாரையே கட்டிப் பிடித்துக் குலுக்கினாள். அவர் கண்ணாடி பறந்து ஒர்னெட்டாவின் மடியில் விழுந்தது.

அந்த வருடமும் கதவில் அவள் பெயர்தான். டவாரிஸுக்கு அவள் சொன்னதைவிட ஐம்பது கெஜம் கூடுதலாக வந்தது, மைலோவுக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் அவளைவிட யாரும் கிட்டே வரவில்லை. ஊரில் அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. டிசம்பரில் சமூகக் கூடத்தில் கோழி விருந்து நடந்தபோது ஆல்வின் வாசிக்க, டவாரிஸ் போல்கா கற்றுக்கொண்டு மேசைகளை இடித்துக்கொண்டிருந்தான். பேச்சு எல்லாம் அதுதான்.

அடுத்த ஆகஸ்டில் மைலோ படிப்பு முடித்து வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். லாடியோ பயிற்சி மைதான வேலிக்கு அக்காவுக்கு முன்னாலேயே வந்து உட்கார ஆரம்பித்தான். கையில் ஒரு எண்ணும் கருவி, கன்றுக்குட்டிகளை எண்ணுவதற்கு வைத்திருந்தது. மூன்றாவது திங்கட்கிழமை நோட்டில் அவனே ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டான். முன்வரிசை ஆட்கள் ஒவ்வொருவரும் எத்தனை பேரைச் சாய்ப்பார்கள் என்று எழுத வேண்டுமாம்.

"இதுக்குக் கல்லூரிக்காரங்ககிட்ட புள்ளிவிவரமே கிடையாதேப்பா" என்றார் வாத்தியார்.

"நான் எண்ணித் தர்றேன் சார்."

"நீ எண்ணினா அது புள்ளிவிவரமா?"

"பின்ன? மல்லாக்க விழுந்தா ஒண்ணு. குப்புற விழுந்தா ஒண்ணு."

"முட்டி போட்டா?"

லாடி யோசித்தான். "முட்டி போட்டா அரை."

"அரையெல்லாம் கெடையாதுடா" என்றாள் ஆர்டித். "கதிர் முழுசா இருந்தா எண்ணு, இல்லாட்டி விடு."

"நீ சும்மா இரு அக்கா. இது என் கட்டம்."

வாத்தியார் கம்ப்யூட்டரைத் திறந்து, முட்டி போட்டவனுக்கு எத்தனை தசமம் என்று ஆரம்பித்தார். வில்மா எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காப்பி ஊற்றினாள்.